மீன்கள் வந்த பாதையில்: ஈரி ஏரி முதல் கொலம்பியா ஆறு வரை

ஞாயிறு, போர்ட் கிளிண்டன், ஒஹாயோ

அமெரிக்காவின் குறுக்கே காரில் போகிறவர்கள் வழக்கமாக முதலில் சாலையைத் தேர்ந்தெடுப்பார்கள். நாங்கள் முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தோம். எந்த ஏரியில், எந்த ஆற்றில் எப்போது மீன் கிடைக்கும் என்று பார்த்து, அதன் பக்கத்தில் கூடாரம் போட இடம் தேடி, இரண்டையும் இணைக்கும் சாலையைக் கடைசியில்தான் வரைபடத்தில் கோடு கிழித்தோம். தூண்டில் பிடிப்பதற்காகவே போகும் பயணத்துக்கு இந்த வரிசைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் எளிது. மீன் நன்றாக இரை எடுப்பது விடியலிலும் அந்தியிலும். நெடுந்தூரம் ஓட்டுகிறவன் விடியலில் கூடாரத்தை மடித்துக்கொண்டிருப்பான், அந்தியில் கூடாரத்தை விரித்துக்கொண்டிருப்பான். தினமும் இடம் மாறினால் நல்ல வேளை இரண்டும் சாலையிலேயே போய்விடும். ஆகவே மீன் உள்ள இடம் என்றால் குறைந்தது இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டோம். வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும் முன்பதிவு செய்த முகாம். வார நடுவில் முன்பதிவு தேவைப்படாத வனப்பகுதிகள். வார இறுதியில் நல்ல நீர்நிலைகளின் கரையில் காலி இடம் தேடி அலைவதைப் போல மனத்தைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. தேசியப் பூங்காக்களில் பல முகாம்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு தொடங்கிவிடுவதால், ஜூன் பயணத்துக்கு டிசம்பரிலேயே நாள் குறித்தோம்.

என்னுடன் அண்ணன் வந்திருக்கிறார். ஊரில் ஏரி, கால்வாய் எதையும் விடாமல் தூண்டில் போட்டு வளர்ந்தவர். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பெரியப்பாவின் கையைப் பார்த்தே முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள்.

முதல் நிறுத்தம் ஈரி ஏரி. ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது இதுதான். மிக ஆழமான இடமே 64 மீட்டர், இந்த மேற்குப் பகுதியில் சராசரியாகப் பத்து மீட்டருக்கும் குறைவு. ஆழம் குறைந்தால் வெயில் அடிவரை இறங்கும், நீர் சீக்கிரம் சூடேறும், உயிர்கள் பெருகும். வால்ஐ என்னும் மீனுக்கு இந்த ஊர் பேர்போனதன் காரணம் அதுதான். கிழக்குத் துறைமுகப் பூங்காவில் கூடாரம் போட்டுவிட்டு மாலையில் கரைக்குப் போனபோது, விளக்குக் கம்பங்கள், கார்க் கண்ணாடிகள், எங்கள் சட்டை எல்லாவற்றிலும் மேஃபிளைப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நீண்ட வால்முடி, கண்ணாடி போன்ற சிறகு. கடிப்பதில்லை, சாப்பிடுவதும் இல்லை. சேற்றுக்குள் புழுவாகக் காலத்தைக் கழித்துவிட்டு, ஓரிரு நாள் பறந்து முட்டையிட்டு மடிகின்றன. ஜூன் மாதத்தில் இவை எழும் கூட்டம் வானிலை ரேடாரில்கூடத் தெரியும்.

மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்கோ இவற்றைப் பார்த்ததில் பெரும் மகிழ்ச்சி. 1950களில் ஏரி மாசுபட்டு, அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தபோது இந்தப் பூச்சி மேற்கு ஈரியிலிருந்து ஏறக்குறைய அற்றுப்போனது. 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்து, கழிவுநீர் கட்டுப்படுத்தப்பட்டு, 1990களில்தான் திரும்பி வந்தது. செருப்பில் நசுங்கும் அளவுக்குப் பூச்சி இருக்கிறது என்றால் ஏரி மூச்சு விடுகிறது என்று பொருள்.

திங்கள், அதே இடம்

விடியலில் ஒரு படகில் இடம் வாங்கிப் போனோம். 15 அங்குலத்துக்குக் குறைந்த வால்ஐயைத் திரும்ப விட்டுவிட வேண்டும். படகின் ஓரத்திலேயே அளவுகோல் பதித்திருந்தது. அண்ணன் ஒவ்வொரு மீனையும் ஈரக் கையால் பிடித்து அளந்தார். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழவழப்பு உரிந்துவிடும், பிறகு அதற்கு நோய் பிடிக்கும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. இரவு உணவுக்கு வேண்டியது கிடைத்ததும் "போதும் தம்பி" என்று தூண்டிலைச் சுருட்டிவிட்டார்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. மீன்பிடி உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லைக் கோட்டைத் தாண்டினால் நேற்றைய உரிமத்துக்கு மதிப்பில்லை. ஒரு நாள், மூன்று நாள் என்று வெளிமாநிலத்தாருக்குக் குறுகிய கால உரிமங்கள் உண்டு. இணையத்தில் வாங்கி, கட்டாயம் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மீன் இருக்கும் இடங்களில் பெரும்பாலும் செல்பேசி வேலை செய்வதில்லை. இந்தப் பணத்தைக் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. தூண்டில் சாமான்கள் மீதான வரியை மாநில மீன்வளத்துக்குப் பகிர்ந்து தரும் சட்டம் 1950இல் வந்தது. உரிமப் பணத்தை மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்பதும் அதன் நிபந்தனை. நாம் நிற்கும் துறை, நாம் படகு இறக்கும் சரிவு, நாம் பிடிக்கும் மீன் எல்லாவற்றுக்குள்ளும் அந்தக் காசு இருக்கிறது.

வியாழன், ஹயவாத்தா தேசிய வனம், மிச்சிகன்

செவ்வாயன்று மேக்கினா பாலத்தைக் கடந்து மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குள் வந்தோம். 1957இல் திறந்த பாலம், ஐந்து மைல் நீளம். இடப்பக்கம் மிச்சிகன் ஏரி, வலப்பக்கம் ஹியூரன் ஏரி. காற்றடித்தால் வண்டி லேசாக ஆடும்.

பாலத்துக்கு இப்பால் விறகு கொண்டுவரவில்லை. 2002இல் டெட்ராய்ட் அருகே எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்தது. ஆஷ் மரப்பட்டைக்குள் புழுவாக இருந்து மரத்தைக் கொல்வது. அது தானாகப் பறப்பதைவிட வெகு வேகமாக விறகுக்கட்டுகளில் ஏறிப் பரவியது, அதுவும் முகாம் போடப் போகிறவர்களின் விறகில். மாண்ட மரங்கள் கோடிக்கணக்கில். எரிக்கும் ஊரிலேயே விறகு வாங்க வேண்டும் என்ற விதி இதனால்தான்.

இங்கே எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஏரியே கிடைத்தது போலிருக்கிறது. தேசிய வனங்களில் முகாம் திடலுக்கு வெளியேயும் பல இடங்களில் இலவசமாகத் தங்கலாம். ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை. நீரிலிருந்து தள்ளிக் கூடாரம் போட வேண்டும், கழிவைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு வனத்துக்கும் தனி விதி இருப்பதால் அந்தந்த வன அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. கொசுவும் கருப்பு ஈயும் கடுமையானவை. தலைக்கு வலை இல்லாமல் ஜூனில் இங்கே வராதீர்கள்.

ஆனால் இந்த அந்தி நேரத்துக்கு எதையும் பொறுத்துக்கொள்ளலாம். கிழக்கு நேரக் கணக்கின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், சூரியன் மறையவே ஒன்பதரை மணி தாண்டுகிறது. சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகும் இரண்டு மணி நேரம் தூண்டில் போடலாம். மிச்சிகனின் ஒரு நாள் உரிமம் நாம் குறிக்கும் மணியிலிருந்து 24 மணி நேரம் செல்லும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும்படி வாங்கினால் ஓர் அந்தி, ஒரு விடியல், மறுநாள் பகல் என எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

இந்தப் பெரிய ஏரிகளின் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே உள்ள ஏரிகளுக்குக் கடல் மீன் ஏறிவர முடியாமல் நயாகரா அருவி தடுத்து நின்றது. அருவியைச் சுற்றிக் கப்பல் போக வெல்லண்ட் கால்வாயை வெட்டி, 1919இல் அதை மேம்படுத்தினார்கள். 1921இல் ஈரி ஏரியில் கடல் லாம்ப்ரே தென்பட்டது. விலாங்கு போன்ற உடல், தாடையில்லாத வட்ட வாய், அதில் வளையம் வளையமாகப் பற்கள். பெரிய மீனின் விலாவில் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். 1950களின் நடுப்பகுதிக்குள் லேக் டிரவுட் என்ற இந்த ஏரிகளின் பெருமீன் மிச்சிகன் ஏரியில் அழிந்தே போனது. 1958இல் லாம்ப்ரே குஞ்சுகளை மட்டும் கொல்லும் மருந்தை ஓடைகளில் விடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. வேட்டையாடும் மீன் இல்லாமல் சிறு மீன்கள் பெருகிக் கரையில் செத்து ஒதுங்கியதால், 1966இல் பசிபிக் கடலின் கோஹோ சால்மனைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று இங்கே சால்மன் பிடிக்கிறவர்கள் பிடிப்பது மேற்குக் கரையிலிருந்து வந்த மீனின் வாரிசுகளை.

லேக் டிரவுட்டின் பெயரை மறந்துவிடாதீர்கள். யெல்லோஸ்டோனில் அதை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

சனி, இட்டாஸ்கா, மின்னசோட்டா

வெள்ளிக்கிழமை முழுவதும் வண்டி ஓட்டம். முன்பதிவு இருந்ததால் இருட்டில் வந்தாலும் பரவாயில்லை.

மிசிசிப்பி ஆறு இந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. முழங்கால் அளவு தண்ணீர், குறுக்கே கற்கள். மகள் அதைத் தாண்டிக் குதித்து அக்கரைக்குப் போய் வந்தாள். 1891இல் இந்த ஊற்றிடத்தைச் சுற்றிப் பூங்கா அமைத்ததால்தான் வானுயர்ந்த சிவப்புப் பைன் மரங்கள் கோடரிக்குத் தப்பி நிற்கின்றன.

காலையில் மீன் பிடித்து முடித்ததும், அண்ணன் டப்பாவில் மீந்த மண்புழுக்களை ஒரு மரத்தடியில் ஈர மண்ணைக் கிளறி விடப் போனார். உயிரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. மண்புழு உழவனின் நண்பன் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த நமக்கு இதை ஏற்பது கடினம்தான். பனியுகத்தின் பனிப்பாறைகள் மூடிக்கிடந்த இந்த வடபகுதியில் மண்புழுவே கிடையாது. இப்போது இருப்பவை எல்லாம் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவை. கப்பலிலும் செடித்தொட்டிகளிலும் வந்தன, தூண்டில்காரர்களின் டப்பாக்களிலும் வந்தன. காட்டின் தரையில் பல ஆண்டுகள் சேர்ந்த இலைச்சருகு மெத்தையைத்தான் இங்குள்ள காட்டுப்பூக்களும் மர நாற்றுகளும் நம்பி இருக்கின்றன. புழுக்கள் அந்த மெத்தையைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சருகை விலக்கிக் காட்டினேன். புழு புகாத இடத்தில் விரல் மூன்று கணு வரை மெத்தென்று இறங்கியது. படகுத்துறையை ஒட்டிய இடத்தில் சருகே இல்லை. வெறும் கருமண், அதன்மேல் புழுக்கள் தள்ளிய மண் உருண்டைகள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நம் ஊரில் தெய்வம், இங்கே பேயா?" என்று கேட்டுவிட்டு, டப்பாவை மூடிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

இங்கே வெளிமாநிலத்திலிருந்து உயிருள்ள சிறுமீன் இரை கொண்டுவரவும் தடை. படகு வைத்திருப்பவர்கள் கரையேறியதும் அடைப்பானைக் கழற்றி நீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும். வரிக் குதிரை மட்டி என்னும் சிறு சிப்பி 1988இல் டெட்ராய்ட் அருகே செயின்ட் கிளேர் ஏரியில் தென்பட்டது. ஏரிக்கு ஏரி அது தாவியது பெரும்பாலும் படகுகளில். மேற்கு மாநிலங்களின் சாலைகளில் படகுச் சோதனைச் சாவடிகள் நிற்பது இதற்காகவே. சிறு காற்றடைத்த படகாக இருந்தாலும் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

செவ்வாய், பேட்லேண்ட்ஸ், தெற்கு டகோட்டா

ஞாயிறும் திங்களும் பியர் நகருக்கு மேலே ஓவாஹி அணைக்கரையில். மிசூரி ஆற்றைத் தடுத்துக் கட்டிய இந்த நீர்த்தேக்கம் 231 மைல் நீண்டு வடக்கு டகோட்டா வரை போகிறது. வால்ஐக்கு அருமையான இடம், நிறையக் கிடைத்தது. ஆனாலும் மனம் நிறைந்து உட்கார முடியவில்லை. இந்தத் தண்ணீருக்கு அடியில் ஸ்டாண்டிங் ராக், ஷையென் ரிவர் பழங்குடி மக்களின் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலம் இருக்கிறது. ஆற்றோரக் காடு, விறகு, மூலிகை, வீடுகள் எல்லாம் அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கோடு சேர்ந்து மூழ்கின. பழங்குடிக் காப்பகங்களின் எல்லைக்குள் மீன் பிடிக்க அவர்களுடைய விதிகள், அவர்களுடைய அனுமதி. வரைபடத்தில் ஒரே நீலமாகத் தெரிந்தாலும் எந்தக் கரை யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

இன்று மீன் இல்லாத நாள். சேஜ் கிரீக் முகாமுக்குக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, குடிநீரும் இல்லை. தீ மூட்டவே கூடாது. தண்ணீரை வரும் வழியில் பிடித்துக்கொள்ள வேண்டும். கூடாரத்துக்கு எதிரே காட்டெருமைகள் மேய்கின்றன. காற்று பலமாக வீசும் புல்வெளி என்பதால் கூடாரத்தின் எல்லா முளைகளையும் அடித்து, கயிறுகளையும் இழுத்துக் கட்டினோம்.

சனி, யெல்லோஸ்டோன் ஏரி, வயோமிங்

பிக்ஹார்ன் மலையில் ஓர் இரவு தங்கி, வியாழனன்று பூங்காவுக்குள் வந்தோம். ஏரி கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். ஜூன் கடைசியிலும் விடியலில் கூடாரத்தின் மேல் உறைபனி.

இங்கே மாநில உரிமம் செல்லாது. பூங்காவே தனி அனுமதி தருகிறது. 16 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. உயிருள்ள இரை கூடாது, ஈயக்குண்டு கூடாது, தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி, அதாவது மீன் நழுவாதபடி முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கி, கூடாது. அதற்காகப் புது முள் வாங்க வேண்டியதில்லை. நேற்று இரவு விளக்கு வெளிச்சத்தில் அண்ணனும் மகளும் உட்கார்ந்து, செயற்கை இரைகளின் முட்களை ஒவ்வொன்றாகக் குறடால் பிடித்து அந்தச் சிறு கொக்கியை நசுக்கினார்கள். நசுக்கிய முள்ளைச் சட்டைத் துணியில் குத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி.

இன்று காலை மகளின் தூண்டிலில் ஒரு கட்த்ரோட் டிரவுட் மாட்டியது. தாடைக்குக் கீழே இரு பக்கமும் குங்குமத்தால் கீறியது போல் செம்மஞ்சள் கோடு. இந்த ஏரிக்கே உரிய மீன். 2001 முதல் பூங்காவில் எங்கே பிடித்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். அவள் அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்தாள். செவுள் இரண்டு முறை விரிந்து மூடியது. உள்ளங்கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து அண்ணனுக்கு ஒன்று. கரும்பச்சை உடல், அதில் வெளிறிய புள்ளிகள், ஆழமாகப் பிளந்த வால். லேக் டிரவுட். இதை விடவே கூடாது. இந்த ஏரியில் பிடித்த லேக் டிரவுட்டைக் கொன்றே ஆக வேண்டும் என்பது விதி. ஒரே கரையில், ஒரே காலையில், ஒரு மீனைக் காப்பாற்றவும் இன்னொன்றைக் கொல்லவும் சட்டம் சொல்வதை மகளுக்கு விளக்க வேண்டியிருந்தது.

1890இல் மிச்சிகன் ஏரியின் லேக் டிரவுட்டைக் கொண்டுவந்து, அருகிலுள்ள மீனில்லாத லூயிஸ் ஏரியிலும் ஷொஷோனி ஏரியிலும் விட்டார்கள். அங்கிருந்து யாரோ ஒருவர் அல்லது சிலர் சட்டத்தை மீறி இந்த ஏரிக்குள் விட்டிருக்கிறார்கள். 1994இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பெரிய லேக் டிரவுட் ஆண்டுக்குச் சுமார் 40 கட்த்ரோட்டைத் தின்னும். கட்த்ரோட் முட்டையிடுவதற்காக ஓடைகளுக்கு ஏறும். அங்கே கரடி, நீர்நாய், விரால் அடிப்பான் கழுகு எல்லாம் அதை உண்டு வாழும். லேக் டிரவுட் ஓடைக்கு ஏறாது, ஆழத்திலேயே இருக்கும். கரடிக்கு எட்டாது. கிளியர் கிரீக் என்ற ஒரே ஓடையில் 1978இல் 70,000க்கும் அதிகமான கட்த்ரோட் ஏறின. 2007இல் சுமார் 500. பூங்காவினர் வலை போட்டு இதுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் டிரவுட்டை அகற்றியிருக்கிறார்கள். கட்த்ரோட் மெல்ல மீண்டு வருகிறது.

இதில் என்னை உலுக்குவது அடுத்த செய்தி. தாய் ஏரியான மிச்சிகனில் லாம்ப்ரே அந்த இனத்தை அழித்துவிட்ட பிறகு, அங்கே மறுபடி லேக் டிரவுட்டை உண்டாக்க முயன்றவர்கள் முட்டை தேடி வந்த இடங்களில் ஒன்று இதே லூயிஸ் ஏரி. அங்கே மீட்க வேண்டிய உயிர், இங்கே ஒழிக்க வேண்டிய உயிர். நாங்கள் பதினோரு நாளுக்கு முன் கடந்த தண்ணீரிலிருந்து, நாங்கள் வந்த திசையிலேயே, எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது அந்த மீன்.

"வந்தது மீனின் குற்றமா?" என்று மகள் கேட்டாள். இல்லைதான். அண்ணன் அதை ஒரே அடியில் வலியில்லாமல் முடித்தார். நெருப்பில் சுட்டு, எலும்பு மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டோம். மீன் வாடை பட்ட துணி முதற்கொண்டு எல்லாவற்றையும் இரவில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். கரடிக்காட்டில் ஒரு பற்பசைக் குழாய்கூடக் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது.

திங்கள், மேடிசன் ஆறு, மாண்டனா

பூங்காவின் மேற்கு வாசலிலிருந்து இறங்கி வரும் வழியில் குவேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 நள்ளிரவுக்குச் சற்று முன் நிலநடுக்கம் வந்து, மலையின் ஒரு பக்கம் சரிந்து ஆற்றை அடைத்தது. 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆற்றோரத்தில் கூடாரத்திலும் வண்டியிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், எங்களைப் போல மீனுக்கும் மலைக்கும் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். அப்போது மூழ்கிய மரங்கள் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன. அவர்கள் பெயர்கள் பொறித்த பாறையின் முன் நின்றுவிட்டு வந்தோம்.

அதற்குக் கீழே ஆறு எனிஸ் ஊர் வரை ஆழமில்லாமல், ஓயாமல், கூழாங்கற்கள் மேல் சலசலத்து ஓடுகிறது. இதில் இருக்கும் பழுப்பு டிரவுட்டின் மூதாதைகள் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. வானவில் டிரவுட் பசிபிக் கரையைச் சேர்ந்தது. இரண்டுமே வந்தேறிகள். ஆனால் மாண்டனா 1974 முதல் ஓடும் ஆறுகளில் பண்ணை டிரவுட் விடுவதை நிறுத்திவிட்டது. இதே மேடிசனில் டிக் வின்சென்ட் என்ற மீனியலாளர் செய்த ஆய்வு, பண்ணை மீனை விட்டால் ஆற்றில் பிறந்த மீன் குறைகிறது என்று காட்டியது. நிறுத்தியதும் ஆற்று மீன் பெருகியது. இத்தனை ஏரிகளைக் கடந்து வந்த பிறகு, மனிதன் கையைக் கட்டிக்கொண்டதால் நன்மை விளைந்த ஓர் ஆற்றில் நிற்பது நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

வயோமிங்கில் ஆற்றுநீர் பொது, ஆற்றின் அடி நிலத்துக்காரருக்குச் சொந்தம். படகில் மிதந்து போகலாம், தனியார் நிலத்தின் நடுவே காலை ஊன்றவோ நங்கூரம் போடவோ கூடாது. 1961ஆம் ஆண்டின் தீர்ப்பு அப்படி. எல்லை தாண்டி மாண்டனாவுக்குள் வந்தால் கதையே வேறு. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் ஆற்றில் இறங்கிவிட்டால், வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். இரு கரையும் பெருஞ்செல்வர் நிலமாக இருந்தாலும் சரி. எனக்கு மாண்டனாவின் வழிதான் நியாயமாகப் படுகிறது. ஆறு எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டு அதில் கால் வைக்கக் கூடாது என்றால், படகு வாங்க முடிந்தவனுக்கு மட்டும்தான் ஆறு.

மாண்டனாவில் வெளியூர்க்காரர் மூன்று சீட்டு வாங்க வேண்டும்: இயற்கைப் பாதுகாப்பு உரிமம், அயல் நீருயிர்த் தடுப்புச் சீட்டு, மீன்பிடி உரிமம். நாங்கள் ஜூலைக் கடைசியைத் தவிர்த்து இப்போதே வந்ததற்கும் காரணம் உண்டு. ஆற்றுநீர் மூன்று நாள் தொடர்ந்து 73 பாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸைத் தொட்டுவிட்டால், பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த டிரவுட்டை விட்டாலும் பிழைக்காது. கோடை முற்றிய பிறகு வருகிறவர்கள் உயரத்திலுள்ள ஏரிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புதன், லாக்சா ஆறு, ஐடஹோ

லோலோவில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கணவாய் ஏறி இறங்கினோம். வளைவுச் சாலை அடுத்த 99 மைல் என்று பலகை சொல்கிறது, அப்படியே இருக்கிறது. 1968இல் காட்டாறுகளைக் காக்கச் சட்டம் வந்தபோது முதல் பட்டியலிலேயே இடம் பெற்ற ஆறுகளில் ஒன்று. அணை இல்லை, ஊர் இல்லை, தேவதாரு மரம் மட்டும். நீர்வேகம் அதிகமாக இருந்ததால் கரையை விட்டு இறங்கவில்லை. பாறைகளின் பின்னால் நீர் சுழன்று அடங்கும் இடங்களில் மட்டும் தூண்டில் போட்டோம்.

வெள்ளி, பானவில் அணை, கொலம்பியா ஆறு, ஒரிகன்

ஜூலை 4 விடுமுறை வார இறுதி. இந்த முகாமுக்குத்தான் எல்லாவற்றுக்கும் முன் பதிவு செய்தோம்.

இங்கே உல்லம் மீன் சாப்பிட்டோம் என்று சொன்னால் ஏறக்குறைய உண்மை. ஷாட் என்னும் மீன் உல்லத்துக்கு நெருங்கிய உறவு. அதே வெள்ளி உடல், அதே எண்ணற்ற நுண்முள். அட்லாண்டிக் கரைக்கு உரியது. 1871இல் சேத் கிரீன் என்பவர் ஹட்சன் ஆற்று ஷாட் குஞ்சுகளைப் பால் கேன்களில் இட்டு, இரண்டே ஆண்டுகளுக்கு முன் முடிந்திருந்த கண்டம் கடக்கும் ரயிலில் ஏற்றி, வழியெல்லாம் தண்ணீர் மாற்றிக் கொடுத்து, கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் விட்டார். அங்கிருந்து கடல் வழியே வடக்கே பரவின. பிறகு கொலம்பியாவிலும் நேரடியாக விட்டார்கள். இன்று இந்த அணையைக் கடக்கும் ஷாட் நல்ல ஆண்டுகளில் பத்து லட்சங்களைத் தாண்டுகின்றன. பிடிக்க எண்ணிக்கை வரம்பு இல்லை. பருவம் முடியும் தறுவாயிலும் அண்ணனுக்குக் கை ஓயவில்லை. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, தோல்வரை போகாமல் மயிரிழை இடைவெளியில் குறுக்கே கீறிக்கொண்டே போனார். முள் எல்லாம் துண்டுதுண்டாகி, எண்ணெயில் பொரிந்ததும் தெரியாமல் போயிற்று.

மீன்கள் அணையைத் தாண்டி மேலே ஏறுவதற்காகப் படிப்படியாகக் கட்டிய நீர்ப்பாதைதான் மீன் ஏணி. அணையின் கண்ணாடிச் சாளரத்தில் அதைப் பார்த்தோம். ஷாட் கூட்டம் கூட்டமாகப் போக, நடுநடுவே சாக்கை சால்மன் ஒன்றிரண்டு. நூற்றுக்கணக்கான மைல் மேலே ஏறி, பிறந்த ஏரிக்குப் போக வேண்டியவை. 1957 மார்ச் 10 அன்று மேலே டாலஸ் அணையின் கதவுகளை மூடியபோது, பல ஆயிரம் ஆண்டுகள் பழங்குடியினர் மேடை கட்டிச் சால்மன் பிடித்த சிலைலோ அருவி சில மணி நேரத்தில் மூழ்கியது. 1855 ஒப்பந்தங்கள் அவர்களுடைய வழக்கமான மீன்பிடி இடங்களை உறுதி செய்திருந்தும் இது நடந்தது. உரிமை இன்னும் அவர்களுடையது. கேஸ்கேட் லாக்ஸ் ஊரில் பாலத்தடியில் பழங்குடி மீனவர்கள் பனிக்கட்டிப் பெட்டி வைத்துச் சால்மன் விற்கிறார்கள். நான் இந்த ஆற்றில் சால்மனுக்குத் தூண்டில் போடவில்லை, அவர்களிடம் வாங்கினேன். இங்கே வருகிறவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஞாயிறன்று கடலுக்குப் போகிறோம். மகள் நண்டுக்கூண்டு போட வேண்டும் என்கிறாள். ஒரிகனில் 12 வயதிலிருந்தே உரிமம் வேண்டும். வழியெல்லாம் கட்டணமின்றி மீன் பிடித்து வந்தவள், இன்று மாலை தன் பெயர் அச்சிட்ட உரிமத்தை முதன்முதலாக வாங்கி, பெரியப்பாவிடம் காட்டிவிட்டுத் தன் தூண்டில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.